ஒரு நோயாளி, நான்கு தாள்கள்

மார்ச் 3, 2025, திங்கள்

நான்கு படிப்பு மாணவர்கள் சேர்ந்து கற்கும் இணையவழிப் பயிற்சிக்குக் குழு பிரித்தாயிற்று. அறைக்கு ஆறு பேர்: மருத்துவம் 2, செவிலியம் 2, மருந்தியல் 1, பிசியோதெரபி 1. ஆட்கள் கூடினால் இருவர் பேச மற்றவர்கள் மைக்கை அணைத்துவிடுவார்கள். பிரேக்அவுட் அறைகளை, அதாவது காணொளிக் கூட்டத்துக்குள் சிறு குழுக்களுக்கான தனி அறைகளை, தானாகப் பிரிக்க விடக்கூடாது. ஓர் அறை முழுக்க ஒரே படிப்பினராகிவிடும். பட்டியலை முன்பே ஏற்ற வேண்டும். வேறு மின்னஞ்சலில் நுழைபவர்கள் எந்த அறையிலும் சேராமல் நிற்பார்கள். அவர்களைச் சேர்ப்பதற்கென்றே ஓர் ஆள் தேவை.

மார்ச் 5, புதன்

இன்று முழுக்க, பயிற்சிக்கென உருவாக்கும் நோயாளியின் விவரத்தோடுதான் போராட்டம். மொத்தக் கோப்பையும் எல்லோருக்கும் கொடுத்தால் மருத்துவ மாணவர் படித்து விடை சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அது குழுவேலை ஆகாது. அதனால் நான்கு தாள்கள்.

நோயாளிக்கு வயது 72, இதயத்துடிப்புச் சீர்கேட்டுக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர். மருத்துவத் தாளில், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 5.8 (இருக்க வேண்டியது 2 முதல் 3). மருந்தியல் தாளில், சிறுநீர்த் தொற்றுக்கு ஐந்து நாளாக கோட்ரைமாக்சசோல். இது வார்ஃபரினின் வேலையைக் கூட்டிவிடும். பிசியோ தாளில் முழங்காலைச் சுற்றி ரத்தக் கன்றல். செவிலியத் தாளின் கடைசி வரி: "நேற்றிரவு வழுக்கி விழுந்தார், தலை இடித்தது."

அந்த ஒரு வரி சொல்லப்படாவிட்டால், "வார்ஃபரினை நிறுத்தி நாளை ஐஎன்ஆர் பார்ப்போம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொல்லப்பட்டால், உள்ளே ரத்தக்கசிவு உண்டா என்று பார்க்க உடனே தலைக்கு சிடி ஸ்கேன்.

மார்ச் 10, திங்கள்

மொத்தம் 90 நிமிடம்: அறிமுகம் 10, கலந்துரையாடல் 30, தொலைபேசி ஹேண்டோவர் (நோயாளியின் நிலையை மூத்த மருத்துவரிடம் ஒப்படைத்துச் சொல்வது) 10, மீதி 40 நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் அலசலுக்கு. அலசலைச் சுருக்கினால் பயிற்சியே வீண்.

மருத்துவ மாணவர்கள் கடைசியில்தான் பேசலாம். ஹேண்டோவர் எஸ்பார் முறையில், ஒரு நிமிடத்துக்குள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. முதல் மூன்றும் சரளமாக வரும். நான்காவதில்தான் குரல் இறங்கும்: "கொஞ்சம் வந்து பாருங்க சார்." அங்கே நிறுத்தி, "உடனே சிடி வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். மறுமுனையில் கேட்டவர் ஐஎன்ஆர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திரையில் மௌனம் சம்மதமா, இணைப்புப் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

அலசலை வேறு வேறு துறையைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் நடத்துவது நல்லது. "யார் தவறு?" என்று ஆரம்பித்தால் வாய்கள் மூடிக்கொள்ளும். "விழுந்த செய்தி எத்தனையாவது நிமிடத்தில் வந்தது? அதற்கு முன் யார் கேட்டிருக்கலாம்?" என்று கேட்டால் பேச்சு ஓடும். பொது ஆவணத்தில் நேரத்தோடு குறிப்பெடுத்திருந்தால் பதிலும் அங்கேயே இருக்கும்.

ஒருவர் மற்றவரைப் பற்றியும், மற்றவரிடமிருந்தும், மற்றவரோடும் கற்க வேண்டும் என்கிறது, பல துறையினர் சேர்ந்து கற்பது பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வரையறை. காணொளி விரிவுரை 'பற்றி' என்பதோடு நின்றுவிடுகிறது. அடுத்த அலசலில் முதல் கேள்வி பிசியோ மாணவருக்கு. கலந்துரையாடலில் அவரிடம்தான் யாரும் எதுவும் கேட்பதில்லை.