தவளக்குப்பம் டிக்கெட்

என் தம்பிக்கு வேலை கிருமாம்பாக்கத்தில். கடலூரில் புதுச்சேரி பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் தாண்டி வருகிற ஊர். ஆனால் அவன் எடுப்பது தவளக்குப்பம் டிக்கெட். அது இன்னும் தள்ளியிருக்கிறது, கட்டணமும் கூடுதல். 'கி' என்று தொடங்கினால் அவனுக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும். 'த' எப்படியோ வந்துவிடும். தவளக்குப்பம் என்று வாங்கிக்கொண்டு கிருமாம்பாக்கத்தில் இறங்கிவிடுவான். ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க அவன் காசு கொடுக்கிறான் என்பது உடன் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

திக்கிப் பேசுகிறவர்கள் பலர் இப்படிச் சொல்லை மாற்றிப் போட்டே காலம் தள்ளுகிறார்கள். காராசேவு வாங்கப் போய் மிக்சரோடு திரும்புவான். மாற்றவே முடியாதது சொந்தப் பெயர். அதனால்தான் பெயரைக் கேட்டால் பலருக்கு அதிகமாகத் திக்குகிறது. "என்ன தம்பி, பெயரே மறந்துவிட்டதா?" என்று சிரிப்பவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அருகில் இருந்து பார்த்தவள் நான். கண்கள் இறுக மூடும். கழுத்து நரம்பு புடைக்கும். வலது கை விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரியும், சத்தம்தான் புறப்படாது. கண்ணை இறுக்குவதும் தொடையைத் தட்டுவதும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. எப்போதோ அப்படிச் செய்தபோது சொல் விடுபட்டிருக்கும், உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பதிகம் பாடும்போது அவனுக்கு ஓர் எழுத்துகூட இடறாது. "பாட்டு வருகிறவனுக்குப் பேச்சு வராதா? எல்லாம் மனப்பயம்தான்" என்பார் எங்கள் அத்தை. பாடும்போதும் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்கல் மறைவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். பேச்சுக்கான அசைவுகளை மூளை உரிய நொடியில் தொடங்கிவைப்பதில் இருக்கிற வேறுபாடு அது. குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். பயம் பின்னால் சேர்வது. அதைக் கொடுத்தது சுற்றியிருக்கிற நாம்.

அப்பாவுக்கும் திக்கல் உண்டு. இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கிப் பேசிக்கொண்டேதான் 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரானார் என்று தம்பிக்குச் சொல்லித் தேற்றுவார். அவரோ வெளியில் வாயே திறக்கமாட்டார். 'தங்கமான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார்' என்று தெருவே புகழ்ந்தது. அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது என்பது வீட்டில் எங்களுக்குத் தெரியும்.

'மெதுவாகப் பேசு', 'மூச்சை இழுத்துவிட்டுப் பேசு' என்று சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவன் என்ன சொல்கிறான் என்பதைக் கேட்காமல், எப்படிச் சொல்கிறான் என்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அவனுக்குப் படுகிறது. இன்னும் சிலர் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். "அக்கா, அவர்கள் எடுத்துக் கொடுப்பது பாதி நேரம் நான் சொல்ல வந்ததே இல்லை. வம்பு எதற்கு என்று தலையாட்டிவிடுவேன்" என்றான் ஒருநாள்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அதுதான் நடந்தது. தம்பியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் எங்கள் தாய்மாமா முந்திக்கொண்டு பதில் சொன்னார். காபித் தட்டை வைத்துவிட்டு நின்ற அந்தப் பெண், "அவரே சொல்லட்டும்" என்றாள். கூடத்தில் பேச்சு நின்றது. தம்பி எங்கே வேலை செய்கிறான் என்பதைச் சொல்லி முடிக்க நேரமானது. கிருமாம்பாக்கம்தானே! அவள் அவன் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அன்றே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இப்போது அவர்கள் மகனுக்கு மூன்றரை வயது. சில மாதங்களாக 'அ... அ... அத்தை' என்கிறான். அம்மா வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவக் கிளம்பிவிட்டார். தடுத்துவிட்டோம். சிறு பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேருக்காவது இது வருகிறது, பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றும் விடுகிறது. ஆனால் ஆண் பிள்ளை, குடும்பத்திலும் உண்டு என்றால் நிலைத்துவிடும் வாய்ப்புக் கூடுதல். அதனால் காத்திருக்காமல் புதுச்சேரியில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டினோம். அவர் குழந்தையைவிட எங்களுக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் நிதானமாகப் பேச வேண்டும், அடுத்தடுத்துக் கேள்வி கேட்கக் கூடாது, தினமும் கொஞ்ச நேரம் வேறு வேலை எதுவும் இல்லாமல் அவனோடு உட்கார வேண்டும். அந்த நேரத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் திக்கித் திக்கிப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவரை ஒருவர் அவசரப்படுத்துவதில்லை.

தை மாதம் அவனுக்குக் காதுகுத்து. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அவசியம் வாருங்கள். அவன் ஏதாவது சொல்ல வந்தால் முடிக்கிறவரை இருந்து கேளுங்கள். மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்கே, உன் பெயரைச் சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேட்காதீர்கள். அவன் பெயர் பத்திரிகையிலேயே இருக்கிறது.