வெள்ளவத்தையிலிருந்து எஃப்டி8: மார்ச் மாதக் குறிப்புகள்

2025 மார்ச் 2, ஞாயிறு

அடுக்குமாடியின் மேற்தளத்தில் பத்து மீற்றர் கம்பியை அன்ரெனாவாகக் கட்டி, என் அமெச்சூர் வானொலிக் கருவியை 14.074 மெகாஹேர்ட்சுக்குத் திருப்பினேன். மின்தூக்கியும் எல்ஈடி விளக்குகளும் கிளப்பும் இரைச்சலில் குரல் எதுவும் பிடிபடவில்லை. எஃப்டி8 சமிக்ஞைகளை எழுத்தாக்கிக் காட்டும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் திரையிலோ ஜப்பானும் இத்தாலியும் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு வரியில் −19 என்றிருந்தது. 2500 ஹேர்ட்ஸ் அகலத்தில் அளந்த இரைச்சலைவிட 19 டெசிபெல் தாழ்ந்த அந்தச் சமிக்ஞையைக் காதால் கேட்கவே இயலாது. எஃப்டி8 என்ற இந்தக் கணினிவழி வானொலித் தொடர்பு முறை 50 ஹேர்ட்ஸ் அகலத்துக்குள் எட்டுத் தொனிகளைக்கொண்டு 77 பிட்டுகளை மட்டும் அனுப்பி, பிழை திருத்துவதற்கான பிட்டுகளைத் தாராளமாகச் சேர்ப்பதால்தான் இது கைகூடுகிறது. 2017இல் ஸ்டீவ் பிராங்குடன் சேர்ந்து இதை உருவாக்கிய ஜோ டெய்லர், இன்னொரு விண்மீனுடன் இணையாகச் சுற்றும் பல்சரை (துடிப்பாக வானொலி அலை அனுப்பும் விண்மீனை) கண்டுபிடித்ததற்காக 1993இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இரைச்சலுக்குள் சமிக்ஞை தேடுவது அவருக்குப் பழகிய வேலை.

மார்ச் 5, புதன்

மாலையில் 28.074 மெகாஹேர்ட்சில் ஐரோப்பாவுக்கு அலைப்பாதை நன்றாகத் திறந்திருந்தது. ஒலி மட்டத்தைக் கூட்டி அனுப்பும் சிலருடைய தடம் திரையில் இரண்டு மூன்றாகப் பிரிந்து, அடுத்தவர் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஒலி மட்டம் மிகும்போது கருவி தானே அதை அடக்குவதைக் காட்டும் ஏஎல்சி முள் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவதுதான் நாகரிகம்.

மார்ச் 9, ஞாயிறு

மேல்மாடிப் பையன் வந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், இதில ஆரோட கதைக்கிறீங்கள்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அழைப்புக் குறி, எம்ஜே96 என்ற, உலக வரைபடத்தில் கொழும்பைக் குறிக்கும் கட்ட எண், சமிக்ஞை அளவு, 73 என்ற வாழ்த்து என்று ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் எல்லாவற்றையும் மென்பொருளே முடித்துவிடுகிறது. நாமாக ஏதாவது எழுத விரும்பினால் ஒரு தடவைக்கு 13 எழுத்துகளே இடம். அலை எங்கெல்லாம் எட்டுகிறது என்று அறிய இதைவிடச் சிறந்த கருவி இல்லை. வெள்ளம் வந்த நாளில் மருந்து கேட்பதற்கு இது உதவாது.

மார்ச் 13, வியாழன், போயா

வெள்ள நாளில் செய்தி அனுப்புவது போன்ற தேவைக்கு ஜேஎஸ்8கோல் இருக்கிறது. எஃப்டி8இன் அடித்தளத்தில் எழுந்த இந்த மென்பொருளில் வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சு செய்யலாம். அது பதினைந்து விநாடித் துண்டுகளாகப் போய்ச்சேரும். நேரே எட்டாத நிலையத்துக்கு இடையில் உள்ள ஒருவர் வழியாகவும் செய்தியைக் கடத்தலாம். வவுனியா நண்பரும் நானும் இணையத்தைத் துண்டித்துவிட்டு 7.078இல் பரீட்சித்தோம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியிருந்தாலும், தண்ணீர் மட்டம், பாதை நிலை, தேவையான பொருள்கள் என்று நாங்கள் எழுதிவைத்திருந்த ஒத்திகைச் செய்தி, மெதுவாக என்றாலும், சிதையாமல் போய்ச்சேர்ந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இணையத் தொடர்பின்றி வைத்திருந்த பழைய மடிக்கணினியில் பிறர் நேரத்துக்கும் நம் நேரத்துக்குமான வித்தியாசத்தைக் காட்டும் டிடி நிரல் முழுவதும் ஒரே பக்கமாக ஒன்றரை விநாடி விலகி நின்றது. இம்முறைகள் அனைத்தும் கடிகாரத்தை நம்பியே இயங்குகின்றன; கணினியோ நேரத்தை இணையத்திலிருந்து பெறுகிறது, புயலில் முதலில் போவதும் அதுதான். ஜேஎஸ்8கோல் கேட்கும் சமிக்ஞைகளைப் பார்த்துத் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் முதலில் அழைப்பவருக்குக் கேட்க எவருமில்லை. ஆகவே, யூஎஸ்பியில் செருகும் சிறிய ஜிபிஎஸ் வாங்கியைக் கடற்பக்க ஜன்னலில் வைத்து, கணினிக் கடிகாரத்தை அதனுடன் இணைத்தேன். அடுத்து மின்கலம்: பதினைந்தில் ஏறத்தாழ பதின்மூன்று விநாடி முழு வலுவில் அனுப்புவதால், நூறு வாட் கருவியை முப்பது வாட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று நண்பரும் நானும் முடிவுசெய்திருக்கிறோம்.