ரயில் நின்ற பிறகு ஒரு பாலம்

பழைய இரும்புப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் பெயிண்டில்தான் விழுகிறது. பளபளவென்று இருந்தால் பாலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரும்புக் கட்டுமானங்களைப் பழுது பார்க்கும் வேலையிலேயே என் காலத்தின் பெரும்பகுதி போனது. பெயிண்டை நம்பி எந்தப் பாலத்துக்கும் நான் நற்சான்று கொடுத்ததில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கோலகங்சாரை அடுத்த கராய், தோட்டங்களோடு வளர்ந்த சிற்றூர். அங்கே பேராக் ஆற்றின் மேல் நிற்கிறது விக்டோரியா பாலம். 1897இல் வேலை தொடங்கி 1900இல் முடிந்தது. பேராக் சுல்தான் இட்ரிஸ் திறந்து வைத்தார். கீழே செங்கல் தூண்கள், மேலே முக்கோணங்களாகப் பின்னிய இரும்புச் சட்டகம், நடுவில் ஒற்றைத் தண்டவாளம். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய நாட்டின் முதல் ரயிலைப் போலவே, இந்தப் பாலமும் வெள்ளீயத் தொழிலுக்காக எழுந்ததுதான். ரப்பரின் காலம் அதன் பிறகு வந்தது. தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள் பால் மரம் சீவியதோடு நிற்கவில்லை. மலாயாவின் தண்டவாளங்களைப் போட்டதிலும் காத்ததிலும் அவர்களின் உழைப்பு இருக்கிறது. கராய்க்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

சட்டகப் பாலத்தில் எந்தக் கம்பியும் அலங்காரத்துக்கு இல்லை. மேல் விட்டம் அழுத்தத்தைத் தாங்குகிறது, கீழ் விட்டம் இழுப்பைத் தாங்குகிறது, சாய்ந்த கம்பிகள் பாரத்தைக் கணுவுக்குக் கணு, அதாவது கம்பிகள் கூடும் இணைப்புக்கு இணைப்பு, கடத்தித் தூணில் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே கணு கெட்டால் எல்லாம் கெட்டது. எனக்குத் தொழில் பழக்கிய மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர், "தம்பி, கண்ணை நம்பாதே, விரலை நம்பு" என்பார். தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டின் தலையில் பாதியும் தகட்டில் பாதியும் படும்படி விரலை வைத்துக்கொண்டு, சிறு சுத்தியலால் தலையின் மறுபக்கம் தட்ட வேண்டும். இறுகிய ரிவெட் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று அடங்கும். விரலுக்கடியில் மெல்லிய அசைவு தட்டுப்படும். தலையைச் சுற்றிப் பழுப்பாக நீர் வழிந்த கோடு இருந்தால் அங்கே இரண்டு முறை தட்டுவோம்.

துருவின் குணம் பலருக்குத் தெரியாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் புகுந்துவிட்டால் துரு அங்கேயே தடிக்கும். தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அதற்குத் தேவை. தகடுகளை உப்ப வைக்கும், ரிவெட் தலையையே பிய்த்துத் தள்ளும். காய்ந்த இலையும் பறவை எச்சமும் சேர்ந்த மூலைகளில் மழை விட்ட பிறகும் ஈரம் காய்வதில்லை. நம் நாட்டு மழைக்கு இது போதும். புதுப் பெயிண்ட் இதை மறைக்குமே தவிர நிறுத்தாது.

பாலத்தின் இரும்பு தூண்தலையில் உட்கார்ந்து நீளவும் சுருங்கவும் இடம் தரும் தாங்கிகளும் அப்படித்தான், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. 50 மீட்டர் நீள இரும்பு, 20 பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளும். தாங்கி இறுகிவிட்டால் அந்த நீட்சிக்கு வழியில்லை. இரும்பும் செங்கலும் ஒன்றையொன்று நெருக்கும்.

2002இல் பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்ததும் ரயில் அங்கே மாறிப் போனது. பாரம் இறங்கிவிட்டது, இனிப் பாலத்துக்கு ஓய்வு என்று சொல்கிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரயில் ஓடும் பாதையில் ஆணி கழன்றால் மறுநாளே யாராவது பார்த்தாக வேண்டும். ஓடாத பாதையில் அந்தக் கட்டாயம் இல்லை. பாரம் போனபோது பார்வையும் சேர்ந்து போய்விடும். துருவுக்கோ ரயில் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். அதே பாலத்தின் பக்கவாட்டு நடைபாதையில் இன்றும் மோட்டார் சைக்கிள்கள் போகின்றன, குடும்பங்கள் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன.

பழம்பெரும் பாலங்களுக்கு எங்கே பணம் ஒதுக்கினாலும், முதல் ரிங்கிட் பெயிண்டுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு கணுவிலும் குப்பையை எடுத்து, நீர் வடியும் துளைகளைத் திறந்து, ரிவெட்டைத் தட்டிப் பார்த்து, தாங்கிகளை அசையவிட்டு, வெள்ளத்துக்குப் பிறகு தூண் அடியில் மண் அரித்திருக்கிறதா என்று ஆளை இறக்கிப் பார்க்க வேண்டும். நிறம் என்ன என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.