ஜானி கேஷ் பாட்டைத் தேடி கேட்லின்பர்க் வரை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லிலிருந்து கிழக்கே ஐ-40 நெடுஞ்சாலையைப் பிடித்து, கடைசியில் பிரிந்து மலைப்பக்கம் திரும்பினால் கேட்லின்பர்க், ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வழியில் நேர மண்டலம் மாறுவதால் ஒரு மணி நேரம் பறிபோகும், அதையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு வாசல் இந்த ஊர். மலைக்கும் கரடிக்கும்தான் கூட்டம் வருகிறது, நான் போனது அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் 'எ பாய் நேம்ட் சூ' பாட்டுக்காக.

கேட்காதவர்களுக்காகக் கதை: மூன்று வயதில் பிள்ளையை விட்டு ஓடிப்போகிற அப்பன், போவதற்கு முன் 'சூ' என்று பொம்பளைப் பெயரை வைத்துவிட்டுப் போகிறான். போகிற இடமெல்லாம் கேலி, அதனால் அடிதடி, அப்படியே முரடனாக வளர்ந்த பையன் அப்பனைக் கொன்றே தீருவேன் என்று ஊர் ஊராகத் தேடி, ஒரு ஜூலை மாதம் கேட்லின்பர்க் மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டிருப்பவனைக் கண்டுபிடிக்கிறான். அப்புறம் நடக்கிற சண்டை சுவரை உடைத்துக்கொண்டு தெருச் சேற்றில் வந்து விழுகிறது. நான் கூட இருக்க மாட்டேன், இந்தப் பெயராவது உன்னைத் தைரியசாலியாக்கும் என்றுதான் வைத்தேன் என்று அப்பன் சொல்கிற இடத்தில், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். முடிவை மட்டும் சொல்ல மாட்டேன்.

எழுதியவர் ஷெல் சில்வர்ஸ்டீன், குழந்தைகள் புத்தகங்களுக்கும் கார்ட்டூன்களுக்கும் பெயர் பெற்றவர். 1969 பிப்ரவரி 24 அன்று கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் கைதிகள் முன்னால் கேஷ் இதைப் பாடியபோது பாட்டு அவருக்கே புதிது, வரிகளைத் தாளைப் பார்த்துத்தான் பாடினார், பின்னால் வாசித்தவர்களும் அங்கேயே பிடித்துக்கொண்டு வாசித்தார்கள். அந்தப் பதிவில் எனக்கு உயிரே கைதிகளின் சிரிப்புதான். ஒவ்வொரு வரிக்கும் வெடித்துச் சிரிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஓடிப்போன அப்பா இருந்திருப்பாரோ என்று நினைக்காமல் என்னால் கேட்க முடிவதில்லை. அமெரிக்க கன்ட்ரி இசைப் பாட்டுகளின் வரிசையில் முதலிடம், எல்லா வகைப் பாட்டுக்குமான பில்போர்ட் பட்டியலில் இரண்டாமிடம், 1970-இல் பாடியவருக்கும் எழுதியவருக்கும் ஆளுக்கொரு கிராமி இசை விருது.

சரி, ஊருக்கு வருவோம். நாங்கள் போனதும் ஜூலைதான். சேற்றுத் தெரு இப்போது இல்லை, பார்க்வே என்கிற பெரிய சாலை முழுக்க பான்கேக் கடைகள், கண்ணாடிக்குப் பின்னால் ஜவ்வு மிட்டாயை இழுத்து இழுத்து முறுக்கும் இயந்திரங்கள், அவற்றை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், நகரவே முடியாத கார் வரிசை. அந்த மதுக்கடை கற்பனைதான், தெரிந்தேதான் போனேன். ஆனாலும் இவ்வளவு அசாத்தியமான ஒரு கதையை நம்ப வைப்பதே நிஜ ஊர்ப் பெயர்தான் என்பது என் கட்சி. பெயரில்லாத ஏதோ ஓர் ஊரில் நடந்திருந்தால் பாதி சுவை போயிருக்கும். பார்க்வேயில் நடந்தபடியே காதில் பாட்டைப் போட்டுக் கேட்டேன், மலைகள் சாலையின் கோடியிலேயே எழும்பி நிற்கின்றன, அவ்வளவு பிடித்தது.

தேடிக் கேட்பவர்கள் சிறைப் பதிவையே கேளுங்கள், அதிலும் பின்னாளில் முழுசாக வெளியிட்டதை. முதலில் வந்த இசைத்தட்டில் கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் 'பீப்' ஒலி போட்டு மறைத்திருப்பார்கள்.