இஞ்சிபராவில் குதிரை பார்க்கப் போனேன்

எத்தியோப்பியாவுக்குப் போகிறவர்கள் லாலிபெலாவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பாறையைக் குடைந்து செய்த அந்த 11 தேவாலயங்களையும் வாய்பிளந்து பார்ப்பார்கள். அவற்றோடு பெயர் சேர்ந்துவிட்ட ஸாக்வே அரச மரபு அகாவ் இனத்தவருடையது. 1270இல் ஆட்சி கைமாறியது. அதன் பிறகு அம்ஹாரிக் மொழிதான் அரண்மனை மொழியாக வளர்ந்தது. அரசாண்ட சனத்தின் பேச்சு இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில்தான் பஹிர் தார் நகரிலிருந்து தெற்கே மினிபஸ் ஏறினேன்.

இஞ்சிபரா, அகாவ்களில் ஒரு பிரிவினரான அவி மக்களின் நிர்வாகத் தலைநகர். மேட்டு நிலம், நல்ல குளிர். வேலி, நாற்காலி, கூடை எல்லாமே மூங்கில். ஊருக்குப் பக்கத்தில் ஸெங்கெனா என்ற எரிமலைவாய் ஏரி இருக்கிறது. அழகுதான், ஆனால் நான் போனது ஜனவரி 31ஆம் தேதி நடக்கும் குதிரைத் திருவிழாவுக்காக.

1896இல் அத்வா போரில் இத்தாலியப் படையை எத்தியோப்பியா தோற்கடித்தபோது குதிரைகள் ஆற்றிய பங்கை நினைத்து நடத்தப்படும் விழா இது. இதை நடத்தும் குதிரை வீரர் சங்கம் 1940இல் தொடங்கப்பட்டது. கல்யாணம், சாவு, வாய்க்கால் வரப்புச் சண்டை எல்லாவற்றிலும் இந்தச் சங்கத்துக்கு இடம் உண்டு. கழுத்திலும் நெற்றியிலும் சிவப்பு, மஞ்சள் கம்பளிக் குஞ்சங்கள் தொங்க, வரிசை வரிசையாகக் குதிரைகள் வந்தன. புழுதி அடங்கவே இல்லை.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் சேணத்தின் வாரை அவிழ்த்து மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார். குதிரையோடு பேசினார், பேரனோடும் பேசினார். இரண்டும் அவி மக்களின் மொழியான அவ்ங்கியில் என்றும், பேரனுடைய பதில் மட்டும் அம்ஹாரிக்கில் என்றும் கூட வந்த வழிகாட்டி சொன்னார். பெரியவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அதன் பிறகு குதிரைகள்மேல் கவனம் போகவில்லை.

இத்தனைக்கும் அகாவ் மொழிகளில் அவ்ங்கிக்குத்தான் யோகம். லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள், தொடக்கப் பள்ளியில் பாடமே அந்த மொழியில்தான். எத்தியோப்பிய எழுத்தில் எழுதுகிறார்கள். அம்ஹாரிக்குக்குத் தேவைப்படாத நம் ‘ங்’ ஒலி இவர்களுக்கு வேண்டியிருப்பதால், அதற்கென்று தனி எழுத்தும் உண்டு. ‘ஙப்போல் வளை’ படித்து வந்தவனுக்கு அதைப் பார்த்ததில் ஓர் அற்ப சந்தோஷம்.

யோகமில்லாதவர்கள் கோந்தர் நகருக்கு மேற்கே இருக்கும் கெமாந்த் மக்கள். 1994 கணக்கெடுப்பில் சுமார் 1,72,000 பேர் தங்களைக் கெமாந்த் என்று பதிந்தார்கள். அந்த மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 1,650 பேர்தான். 2007 கணக்கெடுப்பிலோ அந்த இனத்தின் பெயரே தனியாக இடம்பெறவில்லை. மொழி போனால் இனமும் கணக்கிலிருந்து போய்விடுகிறது என்பதற்கு இதைவிட அப்பட்டமான சாட்சி எனக்குத் தெரியாது. எத்தியோப்பிய யூதர்களின் முன்னோர் பேசிய காய்லா என்ற அகாவ் மொழி, பேச ஆளில்லாமல் எப்போதோ அற்றுப்போனது.

திருவிழாவுக்கு அதிகாரிகள் வருகிறார்கள், கேமராக்கள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் அவ்ங்கியைக் காப்பாற்றப்போவது குதிரை இல்லை, மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைவிடவும், அந்தப் பேரனுக்கு அவ்ங்கியில் பேசி ஒரு வேலை கிடைக்குமா என்பது.

போக நினைப்பவர்களுக்கு: இஞ்சிபரா இருக்கும் அம்ஹாரா பகுதியில் 2023 ஆகஸ்ட் முதல் ராணுவத்துக்கும் ஃபானோ ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை மூண்டது. நான் போனது அதற்கு முன்பு. நிலவரத்தை விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். அகாவ் மொழி கேட்க வேறு இடமும் உண்டு: எரித்திரியாவின் கெரென் நகரில் பிலின் பேசுகிறார்கள்.