கண்டெய்னர் ரேட்: முதல் வரியை மட்டும் பார்த்து விலை சொல்லாதீர்கள்

தேங்காய்நார், கயிறு, முந்திரிப்பருப்பு என்று குமரி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும் சரக்குக்கு ஃபார்வர்டர் (கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஏஜென்ட்) தரும் கொட்டேஷனில், முதல் வரியில் இருப்பது வெறும் கடல் வாடகை. அதை மட்டும் நம்பி வெளிநாட்டுக்காரருக்கு சிஎஃப்ஆர் விலை (சேரும் துறைமுகம் வரை கடல் வாடகையும் சேர்ந்தது) கொடுத்தால், கீழே வரும் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் எல்லாம் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

பெரியது எரிபொருள் சர்சார்ஜ், பிஏஎஃப். ஒவ்வொரு லைனும் (கப்பல் கம்பெனியும்) ஒரு பெயர் வைத்திருந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: எரிபொருள் விலையை, அந்த வழித்தடத்தில் ஒரு டிஇயுவுக்கு (20 அடி கண்டெய்னர் அளவு) ஆகும் எரிபொருள் அளவால் பெருக்குவார்கள். பல லைன்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகின்றன. கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனதும், எல்எஸ்எஸ் என்ற குறைந்த கந்தக எரிபொருள் சர்சார்ஜ் தனியாக முளைத்தது. பிஏஎஃபிலேயே அது அடங்கியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் எதற்கு என்று விளக்கம் வாங்குங்கள்.

ஐரோப்பாவுக்கு அனுப்புபவர்களுக்கு இடிஎஸ் என்ற கார்பன் சர்சார்ஜும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கப்பல் கம்பெனிகள் 2024 கார்பன் உமிழ்வில் 40%, 2025-இல் 70%, 2026 முதல் 100% கணக்குக்கு அனுமதிச் சான்று ஒப்படைக்க வேண்டும். ஆகவே பழைய பில்லைப் பார்த்து இந்தத் தொகையைக் கணிக்காதீர்கள்.

'டிஇயுவுக்கு இவ்வளவு' என்ற சொல்லில்தான் நார்க்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். 22.68 கிலோ பெட்டி 700 ஏற்றும் முந்திரிக்கு 20 அடி போதும். இடத்தை அடைக்கும் நாருக்கு 40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய கண்டெய்னர்) வேண்டும். அது இரண்டு டிஇயு. உதாரணத்துக்கு, 20 அடி 1,200 டாலர், 40 அடி 1,800 டாலர், சர்சார்ஜ் டிஇயுவுக்கு 150 டாலர் என்று வையுங்கள். வாடகை ஒன்றரை மடங்கு, சர்சார்ஜோ இரண்டு மடங்கு: 300 டாலர்.

அடுத்தது தேதி. ஜிஆர்ஐ (பொதுவான வாடகை உயர்வு), பீக் சீசன் சர்சார்ஜ் எல்லாம் பெரும்பாலும் மாதத்தின் 1 அல்லது 15-ஆம் தேதி அமலாகும். அந்தத் தேதி கேட்-இன் (கண்டெய்னர் துறைமுகத்துக்குள் நுழையும்) தேதியா, கப்பல் புறப்படும் தேதியா? தூத்துக்குடி சரக்கில் பெரும்பகுதி ஃபீடர் என்ற சிறு கப்பலில் கொழும்பு போய், பெரிய தாய்க்கப்பலுக்கு மாறுவது. ஃபீடர் தாமதமானால் தாய்க்கப்பல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். 'கேட்-இன் தேதி ரேட்' என்று மெயிலில் எழுதி வாங்கிவிட்டால், தாமதத்தின் பாரம் உங்கள் தலையில் விழாது. கொழும்பில் நெரிசல் என்றால் அங்கிருந்தும் ஒரு சர்சார்ஜ் வரக்கூடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஃப்ஓபி (இங்கே கப்பலில் ஏற்றுவது வரை உங்கள் செலவு) என்றால் இங்குள்ள டிஎச்சி (துறைமுகக் கையாளல்), பிஎல் (கப்பல் சரக்கு ரசீது), சீல் கட்டணம் உங்களுடையது. கடல் சர்சார்ஜ் வாங்குபவருடையது. சிஎஃப்ஆர் என்றால், ஒப்பந்தத் தேதிக்குப் பிறகு அறிவிக்கப்படும் போர் அபாய, நெரிசல் சர்சார்ஜ் வாங்குபவர் கணக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதலால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோது, அந்த வரி இல்லாதவர்கள்தான் கையிலிருந்து கட்டினார்கள்.

பில்லில் டாலரை ரூபாயாக்கும் ரேட்டைக் கப்பல் லைன்தான் வைக்கும். வங்கி ரேட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும். பணம் கட்டாமல் பிஎல் கைக்கு வராது என்பதால், பில்லின் வரைவைக் கப்பல் புறப்படும் முன்பே வாங்கி, கொட்டேஷனோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுங்கள்.