எந்த வகை மங்கல் இது? புதுக் கேமராவோடு சில பரிசோதனைகள்

புதுக் கேமராவில் எடுத்த படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தால், போனில் எடுத்தவை அதைவிட ஷார்ப்பாகத் தெரிகின்றன. முதல் கேமரா வாங்கும் பலருக்கும் இந்த ஏமாற்றம் வரும்போல. எனக்கும் வந்தது.

காரணம் புரிந்ததும் கோபம் போய்விட்டது. போனின் சென்சார் மிகச் சிறியது, லென்ஸின் உண்மையான ஃபோகல் லெங்த் (குவியத் தூரம்; இது கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும்) சில மில்லிமீட்டர்தான். அதனால் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது என்று கிட்டத்தட்ட எல்லாமே ஃபோகஸுக்குள் விழுந்துவிடும். போதாததற்குப் பொத்தானை ஒரு முறை தொட்டால் பல ஃபிரேம்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, விளிம்புகளுக்கு அழுத்தம் கொடுத்து, அப்புறம்தான் படத்தை நம்மிடம் காட்டும். பெரிய கேமரா இந்த வேலையில் பாதிக்கு மேல் நம் தலையில் கட்டிவிடுகிறது.

என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (பழைய 35 மி.மீ. ஃபிலிம் ஃபிரேமைவிடச் சிறிய அளவு) சென்சார் உள்ள மிரர்லெஸ் கேமரா. கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸும், தனியாக ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் இருக்கின்றன (எஃப் எண் லென்ஸின் துளை அளவைச் சொல்வது; எண் சிறிதானால் துளை பெரிது). இவற்றை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். படங்களைக் கேமராவின் திரையில் வைத்து முடிவு செய்வதில்லை. அந்தச் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகுதான். கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் ஒன்று தெளிவானது. மங்கலான படங்கள் எல்லாம் ஒரே மாதிரி மங்கலாக இல்லை. சிலவற்றில் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது. சிலவற்றில் சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருக்க, ஆள் மட்டும் கரைந்திருக்கிறார். வேறு சிலவற்றில் முகம் மங்கல், ஆனால் முகத்துக்குப் பின்னால் இருக்கிற செடியின் இலை நரம்பு எண்ணும் அளவுக்குத் துல்லியம். கடைசி வகையில் இழுபடலும் இல்லை, எந்த இடமும் கூர்மையாகவும் இல்லை. நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இது தெரியாமல் ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொண்டே, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தைச் சுருக்கிக்கொண்டே, போவதில் பயனில்லை. இப்போதெல்லாம் ஒரு படம் சரியாக வரவில்லையென்றால், செட்டிங்கைத் தொடுவதற்கு முன்னால் மங்கலைத்தான் முதலில் உற்றுப் பார்க்கிறேன்.

முதலில் கை நடுக்கத்தை எடுத்துக்கொண்டேன். புத்தக அலமாரியை அறை விளக்கில் எடுத்துப் பார்ப்பது இதற்கு நல்ல சோதனை, ஏனென்றால் புத்தகம் நகராது. மங்கல் வந்தால் குற்றவாளி நம் கைதான். படத்தில் விளக்கு பட்டு மின்னும் சின்னப் புள்ளி ஏதாவது இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கை ஆடியிருந்தால் அந்தப் புள்ளி ஒரு குட்டிக் கோடாகவோ கொக்கியாகவோ மாறியிருக்கும். ஷட்டர் வேகம் ‘ஒன்றின் கீழ் ஃபோகல் லெங்த்’ அளவுக்காவது இருக்க வேண்டும் என்று ஒரு பழைய விதி உண்டு. ஏபிஎஸ்-சி சென்சாருக்கு ஃபோகல் லெங்தை 1.5-ஆல் பெருக்க வேண்டும். ஆக 55 மி.மீ.க்கு 1/80 நொடி. ஆனால் அது ஃபிலிம் காலத்து விதி, அளவான பிரிண்ட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு வகுத்தது. 24 மெகாபிக்சல் படத்தை 100 சதவீதத்தில் துருவிப் பார்க்கிற நமக்கு அது போதவில்லை. கை ஆட்டத்தை ஈடுகட்டும் வசதியான ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு 1/80-இல் எடுத்தபோது பல படங்களில் கொக்கி தெரிந்தது, 1/160-இல் அரிதாகத்தான். ஸ்டெபிலைசேஷனைப் போட்டதும் கதையே மாறியது. 18 மி.மீ.-இல் 1/15-இல்கூட நல்ல படம் கிடைக்கிறது.

பிடிக்கும் விதமும் சும்மா சொல்லப்படுவதில்லை. இடது கை லென்ஸுக்கு அடியில் தாங்க வேண்டும், முழங்கைகள் விலாவோடு ஒட்ட வேண்டும், கண் வியூஃபைண்டரில் பதிய வேண்டும். கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. மூச்சை மெல்ல விட்டு, அதன் முடிவில் பொத்தானைக் குத்தாமல் அழுத்த வேண்டும். இருட்டான இடத்தில் தொடர்ச்சியாக மூன்று நான்கு படம் எடுத்தால், பொத்தானை அழுத்துகிற அசைவும் விடுகிற அசைவும் முதல் படத்தோடும் கடைசிப் படத்தோடும் போய்விடுகின்றன. நடுவில் இருப்பது பெரும்பாலும் தேறுகிறது.

அப்புறம் ஆள் நகர்வது. இங்கே ஸ்டெபிலைசேஷன் ஒன்றும் செய்யாது. அது நம் கை ஆடுவதைத்தான் சரிக்கட்டும், எதிரில் இருப்பவர் ஆடுவதை அல்ல. எவ்வளவு வேகம் வேண்டும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் சாதாரணமாக நடந்தால் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர். 3 மீட்டர் தூரத்தில், நமக்குக் குறுக்காக அவர் நடக்கிறார், 50 மி.மீ. லென்ஸ். சென்சாரின் மேல் அவர் பிம்பம் நொடிக்கு 23 மி.மீ. வேகத்தில் ஓடும். 1/60 நொடியில் அது கிட்டத்தட்ட 0.4 மி.மீ. என் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.004 மி.மீ. அதாவது அவர் 100 பிக்சல் அகலத்துக்குத் தீட்டப்படுகிறார்! 1/250-இல் 24 பிக்சல். 1/1000-இல்கூட 6 பிக்சல். வெறும் நடைக்கே இந்தக் கணக்கு.

அக்கா மகள் ஓடி விளையாடும்போது இதைச் சோதித்தேன். “மாமா, நான் ஓடவா, நிக்கவா?” என்று அவள் பொறுமையாகக் கேட்டது கொஞ்ச நேரம்தான். கணக்கு சொன்னது அப்படியே நடந்தது: குறுக்காக ஓடினால் 1/1000 தேவைப்படுகிறது, நம்மை நோக்கி ஓடி வந்தால் 1/500-லேயே ஓரளவு சமாளிக்கலாம். குதிப்பவரை, மேலே போய்க் கீழே இறங்கத் திரும்பும் அந்தக் கணத்தில் பிடித்தால் இன்னும் குறைவான வேகமே போதும், ஏனென்றால் அப்போது மேல்-கீழ் அசைவு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஊஞ்சலுக்கும் இதே தந்திரம்தான்.

இதற்கெல்லாம் வெளிச்சம் வேண்டுமே? வீட்டுக்குள் 1/500 வைத்தால் ஐஎஸ்ஓ (குறைந்த ஒளியிலும் படத்தை எவ்வளவு வெளிச்சமாக்குவது என்ற அளவு) 6400-க்கு ஏறி நிற்கிறது. முதலில் அதைப் பார்த்துப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது என் கட்சி தெளிவு: நாய்ஸ் (மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள்) உள்ள கூர்மையான படம், நாய்ஸ் இல்லாத மங்கல் படத்தைவிட எப்போதும் மேல். நாய்ஸைப் பிற்பாடு மென்பொருளில் குறைக்கலாம், இழுபட்ட முகத்தை உருப்படியாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கேமரா மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓ-வுக்கு ‘குறைந்தபட்ச ஷட்டர் வேகம்’ என்று ஒரு செட்டிங் உண்டு. அதில் 1/250 கொடுத்துவிட்டதோடு பாதித் தலைவலி தீர்ந்தது. ஓசை வராத எலக்ட்ரானிக் ஷட்டரை இந்த மாதிரி நேரத்தில் நான் தொடுவதில்லை. பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கின்றன. வேகமாக நகரும் பொருள் சாய்ந்துபோகிறது, சில எல்ஈடி விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக விழுகிறது.

வேகத்தை உறைய வைக்க ஷட்டர் ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1957-இல் எடுத்த பால் துளிப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்: துளி விழுந்த இடத்தில் கிரீடம்போல் எழுந்து நிற்குமே, அதேதான். அவர் நம்பியது ஷட்டரை அல்ல, நொடியின் மிகச் சிறு பகுதி மட்டும் மின்னி மறையும் விளக்கை. சாதாரணக் கையடக்க ஃபிளாஷும் இதைச் சின்ன அளவில் செய்யும். அதன் சக்தியைக் குறைக்கக் குறைக்க, மின்னும் நேரமும் சுருங்கி 1/10,000 நொடிக்கும் கீழே போகும். இருட்டறையில் கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டு விழவிட்டு எடுத்தேன். ஷட்டர் 1/160 மட்டுமே. ஆனாலும் துளி கண்ணாடிக் குண்டு மாதிரி அந்தரத்தில் நின்றது. இன்றுவரை எனக்கு அதிகச் சந்தோஷம் கொடுத்த படங்கள் அவைதான்.

மூன்றாவது வகை, ஃபோகஸ் வேறிடத்தில் விழுவது. அதிக நேரம் எடுத்தது இதுதான். ஃபோகஸ் இடத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ ஏரியாவில் விட்டுவைத்தால், பல நேரம் நமக்கு மிக அருகில் உள்ளதைப் பிடித்துக்கொள்கிறது. நம் மனதில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியை நானே நகர்த்திக்கொள்கிறேன். புள்ளி விழும் இடத்தில் ஏதாவது விளிம்பு, எழுத்து, இழை என்று வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடி அலைகிறது.

எஃப்/1.8 லென்ஸ் வாங்கியவுடன் எல்லாப் படத்தையும் எஃப்/1.8-இல் எடுக்கத் தோன்றும். பின்னணி குழைந்து போகும் அழகு அப்படி. ஆனால் 1 மீட்டர் தூரத்தில் இந்த 50 மி.மீ. லென்ஸில், என் சென்சாருக்கு, ஃபோகஸில் நிற்கும் ஆழம் மொத்தமே சுமார் 3 செ.மீ. கண் கூர்மையாக இருந்தால் காது மங்கல். ஃபோகஸ் பிடித்த பிறகு நாம் மூச்சுவிடும்போது உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தாலே கணக்கு தப்புகிறது. நடுப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, அப்புறம் கேமராவைத் திருப்பி ஃபிரேமைச் சரிசெய்யும் பழக்கமும் இந்த ஆழத்தில் எடுபடாது, திருப்பும்போது ஃபோகஸ் தளமும் சேர்ந்து திரும்பிவிடும். எஃப்/4-க்குப் போனால் ஆழம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். அதைவிடப் பெரிய லாபம் பின்னால் நகர்வதில்: தூரம் இரட்டித்தால் ஆழம் நான்கு மடங்கு. ஆட்களை எடுக்கும்போது தொடர் ஃபோகஸும் கண்ணைக் கண்டறியும் வசதியும் சேர்ந்தால் நானாகப் புள்ளி வைப்பதைவிட நன்றாக வருகிறது. இதில் கேமராவிடம் தோற்றதில் வருத்தமில்லை.

பூச்சி, பூ மாதிரி மிக நெருக்கமானவற்றுக்கு ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுகிறேன். ஃபோகஸ் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்தி, உடம்பை மட்டும் மெல்ல முன்னால் நகர்த்திக்கொண்டே தொடர்ச்சியாக எடுத்தால், ஏதாவது ஒரு படத்தில் கண் அகப்பட்டுவிடும்.

நான்காவது வகைக்கு வருவோம். எங்குமே கூர்மை இல்லாத படம். சின்ன எழுத்துகள் நிறைந்த செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, ட்ரைபாடில் கேமராவை நேராக நிறுத்தி, இரண்டு நொடி டைமர் வைத்து, அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப்/1.8-இலிருந்து எஃப்/22 வரை படிப்படியாக மாற்றி எடுத்தேன். எஃப்/1.8-இல் நடுப்பகுதி பரவாயில்லை, மூலைகள் சோர்ந்திருந்தன. எஃப்/4-இலிருந்து எஃப்/8 வரை அருமை. எஃப்/16-இல் எழுத்தின் விளிம்பு மழுங்கத் தொடங்கி, எஃப்/22-இல் அப்பட்டமாகத் தெரிந்தது. இயற்பியல் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதன் வேலை. துளை சிறியதாக ஆக, ஒளிப்புள்ளி ஒரு வட்டமாகப் பரவும். பச்சை ஒளிக்கு எஃப்/8-இல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 11 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.), எஃப்/22-இல் 30 மைக்ரானை நெருங்குகிறது. ஒரு பிக்சலோ 4 மைக்ரான்.

அப்படியானால் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்டு வெஸ்டன் போன்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் 1932-இல் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தது எப்படி? அவர்கள் பயன்படுத்தியது உள்ளங்கையைவிடப் பெரிய நெகட்டிவ். வெஸ்டன் 8-க்கு 10 அங்குல நெகட்டிவைப் பெரிதாக்காமல் அதே அளவில் பிரிண்ட் போட்டார். வட்டம் பரவினாலும் அது பெரிதாக்கப்படுவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. நம் சென்சாரின் அகலமோ இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. இயற்கைக் காட்சிக்கு நான் எஃப்/8, அதிகம் போனால் எஃப்/11. அதற்கு மேல் கிடையாது.

இதே வகையில் அற்பமான காரணங்களும் உண்டு. லென்ஸில் விரல் ரேகை, மலிவான ஃபில்டர், வெயில் நேரத்தில் தரையிலிருந்து எழும் அனல். கடைசியில் சொன்னதற்கு எந்த லென்ஸும் உதவாது, காலையில் போக வேண்டியதுதான்.

இன்னொரு குழப்பம் ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை மெருகேற்றாமல் வைத்திருக்கும் கோப்பில்) இருக்கிறது. கேமரா திரையில் தெரிவது ரா-வுக்குள் பொதிந்திருக்கும் ஜேபெக். அதில் ஏற்கெனவே ஷார்ப்னெஸ் ஏற்றியிருக்கும். அதே படத்தைக் கணினியில் ரா-வாகத் திறந்தால் சில மென்பொருள்களில் சற்று மந்தமாகத் தெரிகிறது. அது பழுதல்ல. ஷார்ப்னெஸை நான் கடைசியில், படத்தைத் தேவையான அளவுக்குச் சுருக்கிய பிறகுதான் ஏற்றுகிறேன். விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இப்போதைக்குக் கைக்குள் வராதது பறக்கும் பறவைகள். 1/2000 வைத்தும், தொடர் ஃபோகஸ் போட்டும், பறவை மரத்தைக் கடக்கும் நேரத்தில் ஃபோகஸ் கிளைக்குத் தாவிவிடுகிறது. கிளை மட்டும் ஜோராக வருகிறது. மெனுவில் ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் வேறு பொருளுக்குத் தாவலாம் என்று தீர்மானிக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. அதை மெதுவான பக்கம் தள்ளிவிட்டு, ஒற்றைப் புள்ளிக்குப் பதில் சிறு புள்ளிக் கூட்டத்தை வைத்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.